அளக்கப்படாத எட்டு மொச்சைத் துண்டுகள்

அனுப்புநர்:
தொகுப்பாளர் (பணியாளர் எண் 2217),
மொச்சை ஒப்பீட்டுப் பிரிவு, இரண்டாம் தளம்,
வேளாண் புள்ளிவிவரத் தலைமை அலுவலகம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
வேளாண் புள்ளிவிவரத் துறை.

பொருள்: இரு நாட்டு மொச்சை விளைச்சல் ஒப்பீட்டில், ஆற்றோரப் பள்ளத்தாக்கின் எட்டுத் துண்டுகள் (முதல் ஆண்டில் ஐந்து) அளக்கப்படாமலே மூன்று ஆண்டுகளாக நிரப்பப்படுவது – அவற்றை அளந்ததாகக் காட்டப்படும் அளவையாளர் (பணியாளர் எண் 1408) காணாமற்போனதை ஏற்று, அவரைத் தேட ஆவன செய்யக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி அளவையாளர் பெயரிலான படிவங்கள், மூன்று பருவங்கள்.
2. எதிர்க்கரை நாட்டின் பயறு ஆண்டு நூல், பக்கம் 212, அடிக்குறிப்பு.
3. ‘விடுபாடு இல்லாத அளவையாளர்’ பாராட்டுச் சான்றிதழ், சென்ற மாதம் 19-ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இத்துறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நம் நாட்டிலும் ஆற்றுக்கு அப்பால் உள்ள நாட்டிலும் ஒரு ஹெக்டேரில் எவ்வளவு மொச்சை விளைகிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பீட்டு அட்டவணை தயாரிப்பது என் வேலை. மனுவில் குறிப்பிடப்படும் அளவையாளர் என் உடன்பிறந்த அண்ணன். இந்த உறவை முதலிலேயே தெரிவிப்பது முறை என்று கருதுகிறேன். கீழே வரும் தவறுகளில் முதலாவது நான் செய்தது. அதையும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

2. அளக்கும் முறை தாங்கள் அறியாததல்ல. ஆயினும் இம்மனு காவல் துறையின் கைக்கும் போக வேண்டும் என்று கோருவதால், அவர்களுக்காக எழுதுகிறேன். இரு நாடுகளும் ஆளுக்கு 240 வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கின்றன. ஐந்தாண்டுக்கு அதே வயல்கள்தான். அறுவடை நாளன்று அளவையாளர் வயலுக்குப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கயிறு கட்டி ஒரு சதுரத்தைப் பிரிக்கிறார். அதைத் துண்டு என்கிறோம். அந்தத் துண்டின் மொச்சையை மட்டும் தனியே பறித்து, காயவைத்து, தோலுரித்து, நிறுத்து, எடையைப் படிவத்தில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறார். அந்த எடையை நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேரின் விளைச்சல். 240 துண்டுகளின் சராசரிதான் நாட்டின் எண். நம் எண்ணைப் பச்சையிலும் அவர்கள் எண்ணைக் கறுப்பிலும் அலுவலக வாசல் பலகையில் எழுதிவைக்கிறோம். ஒன்பது ஆண்டுகளாகப் பச்சை எண்தான் பெரிது.

3. ஏதேனும் ஒரு துண்டை எட்ட முடியாமற்போனால், சுற்றியுள்ள துண்டுகளின் சராசரியை அந்த இடத்தில் எழுதி ஓரத்தில் ‘இ’ என்று குறிக்க நம் விதி இடம் தருகிறது. இதற்கு இட்டு நிரப்புதல் என்று பெயர். ஓர் அளவையாளருக்கு இரண்டு துண்டுகள் வரைதான் அனுமதி. எதிர்க்கரை நாட்டில் இந்த வழக்கமே கிடையாது. அளக்காத இடத்தை அவர்கள் வெறுமையாக விட்டுவிட்டு, ஏன் அளக்கவில்லை என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். அவர்களுடைய நூல் வரும்போதெல்லாம் நம் பிரிவில் சிரிப்பு எழும். “அங்க மொச்சையைவிட வெத்திடம்தான் நல்லா விளையுது” என்பார் தட்டச்சர். நானும் சிரித்திருக்கிறேன்.

4. என் அண்ணனுக்கு, இருந்தால், இப்போது ஐம்பத்திரண்டு வயது. ‘இருந்தால்’ என்ற சொல்லை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஆற்றோரப் பள்ளத்தாக்கில் அவர் பதினாறு ஆண்டுகள் அளந்தார். மற்றவர்கள் 2.4 கிலோ என்று எழுதும் இடத்தில் அவர் 2.385 என்று எழுதுவார். வெளிப்பணியாளர்கள் அவரைக் ‘கிராம் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். “பதினஞ்சு கிராம்ல என்ன சார் குடி முழுகிடும்?” என்று யாராவது சீண்டினால், “நானூறால பெருக்கிப் பாரு. ஆறு கிலோ. ஒரு வீட்டுக்கு ஒரு மாசம் வரும்” என்பார். அவர் எழுதிய ஒரு படிவத்திலும் நூறு நூறு கிராமாக முழுமையாக்கிய உருண்டையான எண்ணை நான் கண்டதில்லை. அவருடைய படிவங்களை அடையாளம் காண எனக்குப் பெயரைப் பார்க்கத் தேவையே இருந்ததில்லை.

5. மூன்று ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் 3-ஆம் தேதி, எட்டுத் துண்டுகளை அளப்பதற்காக அவர் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டார். அது எல்லைப் பகுதி. அங்கே செல்போன் எடுக்காது. விவசாயிகளின் களஞ்சியங்களில் தங்கி, வாரம் ஒரு முறை படிவங்களை உறையிலிட்டு மலைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புவார். அக்டோபர் 12-ஆம் தேதி முதல் உறை வந்தது. மூன்று படிவங்கள்: 2.385, 1.910, 2.140. கூடவே எனக்கு ஒரு சிறு சீட்டு: “இந்த வருஷம் காய் சப்பை. அக்கரைக்காரங்ககிட்ட தோத்துடுவோம்போல. பயப்படாம கூட்டு.” அதன் பிறகு உறை எதுவும் வரவில்லை.

6. படிவங்கள் வந்துசேரக் கடைசி நாள் அக்டோபர் 30. முந்தைய ஆண்டில் காய்ச்சலில் படுத்துப் படிவங்களைத் தாமதமாக அனுப்பியதற்காக அவர் குறிப்பாணை வாங்கியிருந்தார். இன்னொரு தாமதம் என்றால் வெளிப்பணியிலிருந்து எடுத்துப் பதிவறையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவரை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. மறுபடியும் காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். 30-ஆம் தேதி மதிய உணவு நேரத்தில், பிரிவில் யாரும் இல்லாதபோது, ஐந்து வெற்றுப் படிவங்களை எடுத்தேன். அடுத்த பள்ளத்தாக்கின் சராசரியைக் கொண்டு அவற்றை நிரப்பினேன். அவரைப் போலவே கிராம் வரை எழுதினேன்: 2.365, 2.290, 2.415, 2.305, 2.380. வானிலை என்ற இடத்தில் ‘தெளிவு’ என்று போட்டேன். ‘இ’ என்று குறிக்கவில்லை. ஐந்திலும் அவர் கையெழுத்தைப் போட்டேன். தேதிகள் வேண்டுமே, அக்டோபர் 15, 18, 21, 24, 27 என்று இட்டேன். அண்ணன் வந்ததும் உண்மையான எடையைக் கேட்டு மாற்றிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். பத்து நிமிட வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட எனக்கு நேரம் மிச்சமிருந்தது.

7. நவம்பர் 6-ஆம் தேதி அண்ணனின் மனைவி, அதாவது என் அண்ணி, தொலைபேசியில் அழைத்தார். “உங்க அண்ணன் இன்னும் வரல. உனக்கு ஏதாவது கவர் வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது என்றேன். முதல் உறையை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னதால் அது பொய்யல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 13-ஆம் தேதி இருவரும் காவல் நிலையம் சென்றோம். ஆய்வாளர் நம் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டார். பிரிவுக் கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்து, அக்டோபர் 27 வரை அளவையாளர் கையெழுத்திட்ட படிவங்கள் இருக்கின்றன என்று பதில் சொன்னார். அவரிடம் இருந்த தாள்களின்படி அது சரியான பதில். “இருபத்தேழு வரைக்கும் ஆள் நல்லாத்தான் வேலை பார்த்திருக்காரும்மா. அதுக்கப்புறம் எந்தப் பக்கம் போனார்னு பார்ப்போம்” என்றார் ஆய்வாளர். பேருந்து நிலையங்களிலும் தங்கும் விடுதிகளிலும் தேடினார்கள். பள்ளத்தாக்கில் தேடவில்லை. அங்கேதான் அவர் வேலையை முடித்துவிட்டாரே. ஆய்வாளரின் மேசைக்கு எதிரே, அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

8. நவம்பர் 20-ஆம் தேதி கண்காணிப்பாளரின் அறைக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு அழுகை வந்தபோது தனக்கு வந்த தேநீரை என் பக்கம் நகர்த்தினார். “ஒப்பீட்டு டேபிள் போன வாரமே ரெண்டு நாட்டுக் கூட்டு வாரியத்துக்குப் போயிடுச்சும்மா. இப்ப போய் அஞ்சு படிவம் பொய்னு சொன்னா, இத்தனை வருஷமும் பொய்னு பேசுவாங்க. உன் வேலையும் போகும், அண்ணன் பேரும் கெடும். ஆள் வந்துடுவார், பாரு” என்றார். அவர் என்னை வற்புறுத்தினார் என்று எழுதினால் அது அநியாயம். எனக்கு எதைக் கேட்க வேண்டியிருந்ததோ அதைத்தான் அவர் சொன்னார். தேநீரைக் குடித்துவிட்டு என் இருக்கைக்குத் திரும்பினேன்.

9. டிசம்பரில் எல்லைப் பகுதிக்குள் போய்ப் பார்க்க அண்ணி அனுமதி கோரினார். அந்த அனுமதி நம் துறையின் வழியாகத்தான் கிடைக்கும். ‘அளவையாளர் பருவப் பணியை முடித்துவிட்டார், அப்பகுதியில் தற்போது துறைப் பணியாளர் எவரும் இல்லை’ என்று பதில் வந்தது. மறுபடியும் என் ஐந்து படிவங்கள்.

10. அடுத்த பருவத்தில் எட்டுப் படிவங்கள் அவர் பெயரிலேயே அச்சாயின. வேறொருவரை நியமிக்க வேண்டுமானால் இவர் எங்கே என்று யாராவது கோப்பில் எழுத வேண்டும். எழுத யாரும் முன்வரவில்லை. அக்டோபர் இறுதியில் எட்டும் நிரம்பி என் மேசைக்கு வந்தன. அவற்றை நான் நிரப்பவில்லை. யார் நிரப்பினார்கள் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. நிரப்பியவர் முந்தைய ஆண்டு எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தார்: 2.600, 2.700, 2.600. மூன்றாம் பருவத்தில் 3.000, 3.100, 2.900. கிராம் சார் பெயரில் உருண்டையான எண்கள். கையெழுத்தும் சுருங்கிக்கொண்டே வந்து, மூன்றாம் ஆண்டில் ஒரு சுழியும் ஒரு கோடுமாக நின்றது. நான் அவற்றைக் கூட்டினேன். நாட்டிலேயே மொச்சை மிக நன்றாக விளையும் இடம் இப்போது அந்தப் பள்ளத்தாக்குதான். என் அண்ணன் இல்லாத நிலம் ஆண்டுக்கு ஆண்டு செழிக்கிறது.

11. மனுவில் இதற்கு இடமுண்டா என்று தெரியவில்லை, ஆயினும் எழுதுகிறேன். அந்தப் படிவங்கள் வரும் வாரத்தில் பிரிவின் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன். தாளில் அவர் அக்டோபர் 21 காலை பத்து மணிக்கு ஒரு வயலில் நிற்கிறார். வானம் தெளிவாக இருக்கிறது. அவர் கயிற்றைக் கட்டுகிறார், நிறுக்கிறார், எழுதுகிறார். தாழ்வாரத்தில் எதிர்ப்படுபவர்கள், “அண்ணன் சௌக்கியமா? இந்த வருஷமும் பள்ளத்தாக்கு பிச்சு உதறுதே” என்கிறார்கள். சௌக்கியம் என்கிறேன். இத்தனை பேர், இத்தனை தாள்கள், இத்தனை தேதிகள் சொல்கிறபோது, ஒருவேளை உண்மையிலேயே அங்கே நிற்கிறாரோ என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. தொடங்கிவைத்தவள் நான் என்று தெரிந்தும் அப்படித் தோன்றியது.

12. இரண்டாம் பருவத்துக்குப் பிறகு அண்ணி மறுபடி காவல் நிலையம் சென்றார். இம்முறை தனியாக. ஆய்வாளர் நம் அலுவலகத்திலிருந்து பெற்ற படிவ நகல் ஒன்றை அவர் முன் வைத்து, “இந்தாங்க, போன மாசம் போட்ட கையெழுத்து. வேலைக்கு வர்றாரு, வீட்டுக்கு வரலைன்னா அது உங்க குடும்ப விஷயம்மா. அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?” என்றார். புகார் முடித்துவைக்கப்பட்டது. அன்றிலிருந்து அண்ணி, தன் கணவர் உயிரோடு இருக்கிறார், பருவம்தோறும் மலைக்கு வேலைக்கு வருகிறார், தன்னைப் பார்க்கத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நம்பி வாழ்ந்தார். வங்கியில் ஏறும் அவர் சம்பளத்தைத் தொடாமல், துணி தைத்துக் காலம் தள்ளினார். அந்த நகலைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருந்தார். ஒரு நாள் என்னிடம், “நான் என்ன தப்பு பண்ணேன்னு நீயாவது கேட்டுச் சொல்லேன். உனக்குத்தான் கவர் அனுப்புறாரே” என்றார். “கேக்கிறேன் அண்ணி” என்றேன்.

ஐயா, இம்மனுவில் ஒப்புக்கொள்ளும் குற்றங்களுள் எதற்கு என்ன தண்டனை என்று விதிநூலில் இருக்கும். இந்தப் பதிலுக்கு இருக்காது.

13. மூன்று ஆண்டுகளாக ஒரு துண்டும் விடுபடாமல் படிவம் அளித்த ஒரே அளவையாளர் என்று கணினி அவரைத் தேர்ந்தெடுத்தது. சென்ற மாதம் 19-ஆம் தேதி, ஆண்டு விழாவில் அவருடைய பணியாளர் எண் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. “மலைப் பணியில இருக்கறதால அவரால வர முடியல, தங்கச்சி வாங்கிக்குவாங்க” என்று அறிவித்தார்கள். சான்றிதழைத் தங்கள் கையாலேயே கொடுத்தீர்கள். “அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவராலதான் நாம முன்னாடி இருக்கோம்” என்றீர்கள். தாங்கள் அறியாமல் சொன்னது. கணக்கின்படி அது உண்மை என்பதை 15-ஆம் பத்தியில் காட்டியிருக்கிறேன். கைதட்டல் நின்ற பிறகும் நான் மேடையிலேயே நின்றேனாம். தட்டச்சர் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

14. எதிர்க்கரை நாட்டின் சராசரி எண் உடனுக்குடன் வந்துவிடும்; முழு நூல் வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பருவத்தின் நூல் இம்மாதம் 6-ஆம் தேதி என் மேசைக்கு வந்தது. அடிக்குறிப்புகளைப் படிப்பது எங்கள் வழக்கமல்ல. பக்கம் 212-இல், நம் பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே உள்ள கரையில், அடுத்தடுத்து ஆறு கட்டங்கள் வெறுமையாக இருந்ததால்தான் கண் கீழே இறங்கியது. அந்தக் குறிப்பின் மொழிபெயர்ப்பு:

‘துண்டுகள் 88 முதல் 93 வரை அளக்கப்படவில்லை. அக்டோபர் 13 பிற்பகலில் ஆற்றில் திடீர் வெள்ளம். பயிர் மண்ணில் மூடிவிட்டது. மறுநாள் துண்டு 91-ஐப் பார்க்கச் சென்ற எம் அளவையாளர், கரையில் ஒதுங்கியிருந்த நீல மெழுகுத்துணிப் பை ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளே ஒரு கொக்கித் தராசு, அளவுக் கயிறு, எதிர்க்கரை நாட்டின் (அதாவது நம் நாட்டின்) எழுத்தில் அச்சிட்ட ஈரப் படிவங்கள் ஐந்து, எழுதப்படாதவை. பொருள்கள் எம் நிலையக் கிடங்கில் உள்ளன. உரியவரோ உறவினரோ தம் அலுவலகத்தின் வழியாகக் கோரினால் ஒப்படைக்கப்படும். இதுவரை எவரும் கோரவில்லை.’

இரு நாட்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்திருக்கிறேன். ஒரே ஆறு, அகலம் எண்பது மீட்டர். ஒரே மழை. அக்கரையில் ஆறு வெற்றிடங்கள். இக்கரையில் ஐந்து துண்டுகள், தெளிந்த வானம், நல்ல விளைச்சல். அவர்களுடைய வெறும் கட்டங்களுக்குக் கீழே என் அண்ணன் இருந்தார். நம்முடைய நிரம்பிய கட்டங்களில் அவர் இல்லை. அவரை முன்பின் அறியாத ஓர் அளவையாளர், ஈரத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து, எண்ணி, ஐந்து என்று எழுதியிருக்கிறார். அந்த ஐந்து தாள்களின் இடத்தில்தான் நான் என் ஐந்து தாள்களை வைத்தேன்.

அவ்வளவு பெரிய வெள்ளம் நம் பக்கம் ஏன் தெரியவரவில்லை என்று தாங்கள் கேட்கலாம். மலையில் கனமழை என்று வானொலியில் ஒரு வரி வந்தது. சேதம் உண்டா என்று நிவாரணப் பிரிவு நம் துறையைக் கேட்டது. நம் துறை படிவங்களைப் பார்த்து, சேதம் இல்லை என்று எழுதியது. அந்தக் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. இம்மாதம் 7-ஆம் தேதி மலைப் பேருந்து நடத்துநரைத் தேடிப்போய்க் கேட்டேன். “அங்க இப்ப யாருங்க இருக்கா? வெள்ளத்துக்கப்புறம் எல்லாரும் மேட்டுக்கு ஏறிட்டாங்க. உங்க அண்ணன் கவர் குடுத்ததுதான் கடைசி, திரும்பி என் வண்டியில ஏறவே இல்லை” என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். “யாரும் கேக்கலையே” என்றார். மூன்று ஆண்டுகளாக நானும் அவரிடம் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

8-ஆம் தேதி அண்ணியிடம் சென்று முழுவதையும் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்தார், அந்த மடிப்பு முடியும்வரை இயந்திரத்தை நிறுத்தவில்லை. பிறகு, “அந்தப் பை நான் தச்சது. மழையில படிவம் நனையக் கூடாதுன்னு மெழுகுத்துணி வாங்கித் தச்சேன்” என்றார். இழுப்பறையிலிருந்து அந்த நகலை எடுத்து, “இது உன் கையெழுத்தா?” என்று கேட்டார். அது இரண்டாம் ஆண்டுப் படிவம். என்னுடையதல்ல, யாருடையது என்று தெரியாது என்றேன். “அப்ப யாரோட கையெழுத்துகிட்ட நான் ரெண்டு வருஷமா சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்?” என்றார். நகலை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, “அவர் என்னை விட்டுட்டுப் போகல” என்றார். இரண்டு முறை சொன்னார். ஆறுதல் என்று அதை எழுத எனக்கு உரிமையில்லை. கடைசியில், “எழுது. உன் கையெழுத்தைப் போட்டு எழுது. எழுதாம இந்தப் படி ஏறாதே” என்றார்.

15. இதை ஏற்பதால் துறைக்கு நேரும் இழப்பை மறைக்க விரும்பவில்லை. சென்ற பருவத்தில் பச்சை எண் 952, கறுப்பு எண் 947. அண்ணன் பெயரிலான எட்டுத் துண்டுகளின் சராசரி மூன்று கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 1,200. அவற்றை நீக்கி 232 துண்டுகளுக்குக் கணக்கிட்டால் நம் எண் 943. ஐந்து கிலோ முன்னிலை நான்கு கிலோ பின்னடைவாகும். பலகையை மாற்றி எழுத வேண்டிவரும். “அக்கரைக்காரன் சிரிப்பான்மா” என்று கண்காணிப்பாளர் இந்த வாரமும் சொன்னார். ஒரு நனைந்த பையைத் தங்கள் நூலில் அச்சேற்றியவர்கள் இதற்குச் சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிரித்தாலும், அண்ணன் எனக்கு எழுதிய கடைசிச் சீட்டில் பயப்படாமல் கூட்டச் சொல்லியிருக்கிறார். இது மூன்று ஆண்டு தாமதமான கூட்டல்.

16. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

(அ) பணியாளர் எண் 1408 கடைசியாகப் பணியில் இருந்தது அக்டோபர் 12 அல்லது 13 என்றும், அதன் பின்னுள்ள கையெழுத்துகள் அவருடையவை அல்ல என்றும் காவல் துறைக்கு எழுத்தில் தெரிவித்து, முடிக்கப்பட்ட புகாரை மீண்டும் திறக்கச் செய்ய வேண்டும். தேட வேண்டிய இடம் பேருந்து நிலையம் அல்ல, ஆறு.

(ஆ) எதிர்க்கரை நாட்டின் நிலையத்துக்குத் தங்கள் பெயரில் கடிதம் எழுதி அந்தப் பையைக் கோர வேண்டும். பையோடு, அல்லது அதற்குப் பிந்தைய நாட்களில், வேறு எதையேனும், எவரையேனும் அவர்கள் கரையில் கண்டார்களா என்றும் கேட்க வேண்டும். அந்த வாக்கியத்தை என்னால் இதைவிடத் தெளிவாக எழுத முடியவில்லை. தாங்கள் தெளிவாக எழுத வேண்டுகிறேன்.

(இ) அண்ணிக்குப் பள்ளத்தாக்கு செல்ல அனுமதி தர வேண்டும். நான் உடன் வருவதை அவர் விரும்பவில்லை; ஆகவே ஒருவருக்கு மட்டும்.

(ஈ) முதல் பருவத்தில் ஐந்து துண்டுகளையும் அடுத்த இரு பருவங்களில் எட்டுத் துண்டுகளையும் வெறுமையாக்கி, ‘அளக்கப்படவில்லை’ என்று அடிக்குறிப்பிட வேண்டும். முதல் மூன்று எடைகள், 2.385, 1.910, 2.140, அப்படியே இருக்கட்டும். அவை அவர் நிறுத்தவை.

(உ) என்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். காவல் துறையில் என் வாக்குமூலம் பதிவாகும் வரை மட்டும் என்னைப் பணியில் வைத்திருக்க வேண்டுகிறேன். எந்தத் தாள் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எடுத்துத்தர ஆள் வேண்டும். கண்காணிப்பாளருக்கு ஓய்வு பெற எட்டு மாதங்கள் உள்ளன. அதைக் கருத்தில் கொள்வது தங்கள் விருப்பம்.

17. இப்பருவம் அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்குகிறது. 1408 என்று எண்ணிட்ட எட்டு வெற்றுப் படிவங்கள், வெளிப்பணிப் பிரிவுக்கு அனுப்புவதற்காக நேற்று அச்சகத்திலிருந்து என் மேசைக்கு வந்தன. அவை இங்கிருந்து போய்விட்டால் மாத இறுதியில் நிரம்பித் திரும்பும். என் அண்ணன் நான்காம் முறையும் வேலையை முடித்தவராவார். வேலையை முடித்தவரை யாரும் தேடமாட்டார்கள். ஆகவே அந்த எட்டையும் அனுப்பாமல், எழுதாமல், இம்மனுவோடு தங்களிடமே ஒப்படைக்கிறேன்.

இணைப்பு: பார்வையில் கண்ட மூன்று ஆவணங்கள், அக்டோபர் 12-ஆம் தேதி உறையும் அதிலிருந்த சீட்டும், வெற்றுப் படிவங்கள் எட்டு.

நாள்: செப்டம்பர் 24
இடம்: தலைமை அலுவலகம், இரண்டாம் தளம்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தொகுப்பாளர், பணியாளர் எண் 2217
காணாமற்போன அளவையாளரின் தங்கை

மேற்கண்டதைப் படிக்கக் கேட்டு உடன் ஒப்பமிடுபவர்,
(ஒப்பம்)
தையற்காரர்
காணாமற்போன அளவையாளரின் மனைவி